வழி சொல்லும் பாணனும் மேசைமேல் விரியும் உலகமும்

மேசையைச் சுற்றி அமரும் நான்கைந்து பேர் ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் பேசுவதையும் செய்வதையும் வாய்மொழியாகவே உரைத்து, ஒரு கதையைக் கூடிக் கட்டும் விளையாட்டு ரோல்பிளேயிங் கேம் எனப்படுகிறது. தமிழில் இதனைப் பாத்திர ஆட்டம் எனலாம். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974ஆம் ஆண்டு வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகையில் அச்சேறி விற்பனைக்கு வந்த முதல் ஆட்டமாகக் கொள்ளப்படுகிறது. ஆட்டத்தை நடத்துபவருக்குக் கேம் மாஸ்டர் என்று பெயர். கதை நிகழும் உலகின் ஊர்கள், அரசுகள், தெய்வங்கள், பழம்பகைகள் அனைத்தையும் அறிந்தவர் அவர் ஒருவரே; ஏனையோர் அவ்வுலகை அவர் சொல்லும் சொல்லின் வழியாகவே காண்கின்றனர். செயலின் விளைவு ஐயத்திற்கு உரியதாகும்போது பகடை உருட்டி முடிவு செய்யப்படுகிறது.

இவ்வமைப்பிலேயே ஒரு சிக்கல் அடங்கியிருக்கிறது. பாத்திரம் தன் ஊரிலேயே பிறந்து வளர்ந்திருக்கும். அதனை ஏற்று ஆடுபவரோ அவ்வூரின் பெயரைச் சற்றுமுன்தான் கேட்டிருப்பார். இந்த இடைவெளியை அடைக்க விரும்பும் நடத்துநர், தாம் பல மாதங்கள் உழைத்து எழுதிய உலக வரலாற்றை முதல் நாளிலேயே படித்துக் காட்டினால், கேட்பவர் மனத்தில் பெயர்கள் மட்டும் மிதக்கும். ஒன்றையும் சொல்லாமல் விட்டாலோ, எதை நம்பி முடிவெடுப்பது என்று தெரியாமல் அவர்கள் கைகட்டி அமர்ந்திருப்பார்கள்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசிய மொழிகளைக் கற்பித்த எம்.ஏ.ஆர். பார்க்கர், 1975இல் வெளியான தம் ‘எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்’ ஆட்டத்தில் இதற்கு ஓர் எளிய வழி கண்டார். டெக்குமெல் என்னும் அவருடைய கற்பனை உலகு, ஐரோப்பியக் கோட்டை கொத்தளங்களை விட்டு விலகித் தெற்காசியா, நடு அமெரிக்கா ஆகியவற்றின் பழம்பண்பாடுகளின் சாயலைக் கொண்டது. எனவே அமெரிக்க இளைஞருக்கு அது முற்றிலும் புதிதாக இருந்தது. ஆகவே ஆடுபவரின் பாத்திரங்கள் சிறு படகில் ஜக்காலா என்னும் துறைமுகத்தில் வந்திறங்கிய அயல்நாட்டார் என்றே ஆட்டம் தொடங்கிற்று. ஆடுபவருக்குத் தெரியாதது பாத்திரத்திற்கும் தெரியாது என்றாகிவிட்டதால், கற்றுக்கொள்வதே கதையின் முதற்பகுதியாக அமைந்தது.

துறைமுகத்தில் தொடங்கி உள்நாட்டுக்குச் செல்லும் இவ்வழி தமிழருக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையில், பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு பாணனுக்கு ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் வழியைச் சொல்கிறான். நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் பாடிய அப்பாட்டில் ஒரு நாடே விரிகிறது. ஆனால் அது வருணனைப் பட்டியலாக விரியவில்லை என்பதே கருதத்தக்கது. இன்றைய மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதும் எயிற்பட்டினத்தில் நுளைச்சியராகிய மீனவப் பெண்கள் அரித்த கள்ளும் சுட்ட குழல்மீனும் கிடைக்கும். அடுத்து வரும் வேலூரில் எயிற்றியராகிய வேட்டுவப் பெண்கள் சமைத்த புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும் கிடைக்கும். ஆமூரில் உழவர் மகள் வெண்சோற்றோடு நண்டுக் கலவை தருவாள். அதன்பின் வருவது கிடங்கில் என்னும் அரசனுடைய ஊர். நெய்தல், முல்லை, மருதம் என்னும் நிலப்பிரிவுகளைப் பற்றி வகுப்பெடுக்காமலேயே, பசித்தவனுக்கு எந்த ஊரில் எவர் கையால் என்ன உணவு என்று சொல்வதன் மூலம், அங்குள்ள தொழிலையும் குடியையும் விருந்தோம்பலையும் பாணன் உணர்த்திவிடுகிறான். தேவையுள்ள ஒருவனுக்கு, அவன் நடக்கப்போகும் வரிசையிலேயே செய்தி தரப்படுகிறது. பாத்திர ஆட்டம் நடத்துபவர் கற்க வேண்டிய கலை இதுவே; இதைக் கற்றுக்கொடுக்க இதனினும் நல்ல நூல் எம்மொழியிலும் இருப்பது அரிது.

அதே நிலப்பரப்பைக் களமாகக் கொண்டு ஓர் ஆட்டம் அமைப்பதாகக் கருதலாம். மரக்காணத்து உப்பளங்களையும் கழுவேலி ஏரியையும் கடந்து தெற்கே வரும் பாத்திரங்கள் இரும்பை என்னும் ஊரை அடைகின்றன. திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் அங்கே உள்ளது. அதன் இலிங்கம் பிளவுபட்டு, செப்புத் தகட்டால் பிணைக்கப்பட்டிருக்கிறது. நடத்துநர் முதலில் சொல்ல வேண்டியது அவ்வளவே, ஏனெனில் கருவறை முன் நிற்கும் எவர் கண்ணுக்கும் அது படும். ஏன் பிளந்தது என்று ஆடுபவர் கேட்ட பிறகே கடுவெளிச் சித்தர் கதை வர வேண்டும்: அவருடைய தவத்தால் மழை பொய்த்ததென்று அஞ்சிய அரசன், அப்பளம் கொடுத்துத் தவத்தைக் கலைத்த ஆடல்மகள் வள்ளி, கோயிலில் அவள் ஆடும்போது கழன்ற சிலம்பைச் சித்தர் எடுத்து அணிவிக்க, ஊரார் நகைத்தது, அவர் சினந்து பாட, இலிங்கம் வெடித்தது. இத்தொன்மத்தை அரசனின் காவலன் ஒருவிதமாகவும், வள்ளியின் தோழி வேறுவிதமாகவும், நகைத்தவர்களுள் ஒருவன் தலைகுனிந்து இன்னொரு விதமாகவும் சொல்வதாக அமைத்தால், செய்தியோடு சொல்பவரின் அச்சமும் குற்றவுணர்வும் சேர்ந்து வரும். எவரை நம்புவது என்னும் ஆராய்ச்சியே ஆட்டமாகிவிடும்.

எனினும், மறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. கதை நகர்வதற்கு இன்றியமையாத தடயத்தைப் பகடையின் கருணைக்கு விடலாகாது. எண் குறைவாக விழுந்தால் மொத்த ஆட்டமும் அங்கேயே நின்றுவிடும். ராபின் லாஸ் வடிவமைத்த கம்ஷூ என்னும் ஆட்டமுறை, தக்க திறமையுள்ள பாத்திரம் தக்க இடத்தில் தேடினால் அடிப்படைத் தடயம் பகடையின்றியே கிடைக்கும் என்று விதித்தது இதனால்தான்.

பாணனும் நடத்துநரும் பிரியும் இடம் ஒன்று உண்டு. பாணன் சென்று மீண்டவன். ஆதலால் நல்லியக்கோடன் உடையளித்து, உணவூட்டி, தேரும் தந்து அனுப்புவான் என்று பயணத்தின் முடிவையும் உறுதியாகச் சொல்ல அவனால் முடிகிறது. ஆட்டத்தில் அப்பயணத்தை எவரும் இன்னும் மேற்கொள்ளவில்லை. நடத்துநர் கிடங்கில் வரையிலான வழியைச் சொல்லலாம்; அங்கே கதவு திறக்குமா என்பதை, அதைத் தட்டப்போகிறவர்களுக்கு விட்டுவிட வேண்டும்.