விண்மீன்களில் வெப்பச்சலனம்

விண்மீன்களில் வெப்பச்சலனம் அல்லது மேற்காவுகை என்பது, விண்மீனின் உட்பகுதியில் உருவாகும் ஆற்றல், சூடான வளிமம் மேலெழுவதாலும் குளிர்ந்த வளிமம் கீழிறங்குவதாலும் வெளிநோக்கிக் கடத்தப்படும் முறையாகும். இம்முறையில் ஆற்றல் கடத்தப்படும் பகுதி வெப்பச்சலன வலயம் எனப்படுகின்றது. ஒளியன்கள் ஆற்றலைக் கடத்தும் பகுதி கதிர்வீச்சு வலயம் ஆகும். வெப்பச்சலனம் வெப்பத்தோடு பொருளையும் எடுத்துச் செல்வதால், ஒரு விண்மீனின் ஆயுட்காலத்தையும் அதன் மேற்பரப்பின் வேதியியல் அமைப்பையும் தீர்மானிப்பதில் இதற்கு முக்கிய பங்கு உண்டு.

வெப்பச்சலனம் தோன்றும் நிலை

விண்மீனின் உள்ளே ஒரு சிறு வளிமத் திரள் சற்றே மேலெழுவதாகக் கொள்வோம். மேலே அழுத்தம் குறைவாதலால் அத்திரள் விரிவடைந்து குளிர்கின்றது. சுற்றியுள்ள வளிமத்தின் வெப்பநிலை உயரத்துடன் இதைவிட விரைவாகக் குறையுமானால், மேலெழுந்த திரள் சூழலைவிடச் சூடாகவும் அடர்த்தி குறைந்ததாகவும் இருக்கும். எனவே அது தொடர்ந்து மேலெழும். சூழலின் வெப்பநிலை மெதுவாகக் குறையுமானால், திரள் சூழலைவிடக் குளிர்ந்து, பழைய இடத்துக்கே திரும்பிவிடும். இந்த நிபந்தனையைச் செருமானிய வானியலாளர் கார்ல் சுவார்சுசைல்டு 1906 ஆம் ஆண்டில் சூரிய வளிமண்டலம் பற்றிய தமது ஆய்வில் பயன்படுத்தினார். உயரத்துடன் வேதியியல் அமைப்பு மாறுவதையும் கணக்கில் கொள்ளும் நிபந்தனையை 1947 ஆம் ஆண்டில் பால் லெதூ வகுத்தார்.

வெப்பநிலை விரைவாகக் குறைவதற்கு இரு முக்கிய காரணங்கள் உள்ளன. வளிமம் ஒளியை எளிதில் ஊடுருவ விடாதிருத்தல் ஒன்று. ஆற்றல் மிகச் சிறிய பகுதியில் செறிந்து உருவாதல் மற்றொன்று.

திணிவும் வலயங்களின் அமைப்பும்

சூரியனில் வெப்பச்சலன வலயம் வெளிப்புறத்தில் அமைந்துள்ளது. இது மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் ஆழம் வரை பரவியுள்ளது. இதன் அடிப்பகுதியில் வெப்பநிலை ஏறத்தாழ 20 இலட்சம் கெல்வின்; மேற்பரப்பில் ஏறத்தாழ 5,800 கெல்வின். அடிப்பகுதியிலுள்ள பார அணுக்கள் சில இலத்திரன்களைத் தக்கவைத்திருப்பதால் கதிர்வீச்சை அதிகம் உறிஞ்சுகின்றன. இதனால் கதிர்வீச்சினால் மட்டும் ஆற்றலைக் கடத்த முடிவதில்லை.

சூரியனைவிட ஏறத்தாழ 1.2 மடங்குக்கு மேல் திணிவுள்ள விண்மீன்களில் இவ்வமைப்பு தலைகீழாகின்றது. அவற்றில் ஆற்றலைத் தரும் கார்பன்-நைதரசன்-ஆக்சிசன் சுழற்சி வெப்பநிலையை மிகவும் சார்ந்தது. ஆகவே ஆற்றல் மையத்தில் செறிந்து உருவாகி, மையப்பகுதியிலேயே வெப்பச்சலனம் ஏற்படுகின்றது. அதற்கு வெளியே கதிர்வீச்சு வலயம் அமைகின்றது.

சூரியத் திணிவில் ஏறத்தாழ 0.35 மடங்குக்கும் குறைவான செங்குறுமீன்களில் மையம் முதல் மேற்பரப்பு வரை முழுவதும் வெப்பச்சலனமே நடைபெறுகின்றது. இதனால் ஈலியம் மையத்தில் தேங்குவதில்லை. வெளியிலுள்ள ஐதரசனும் எரிபொருளாகப் பயன்படுகின்றது. சூரியன் முதன்மைத் தொடரில் ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகள் இருக்கும். மிகச் சிறிய செங்குறுமீன்களோ, மங்கலாக ஒளிர்வதாலும் எரிபொருள் இவ்வாறு கலக்கப்படுவதாலும், பல இலட்சம் கோடி ஆண்டுகள் நிலைத்திருக்கக் கூடியவை.

அவதானிப்புச் சான்றுகள்

சூரியனின் மேற்பரப்பில் காணப்படும் குறுமணிகள் வெப்பச்சலனத்தின் நேரடிச் சான்றாகும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் அகலமுடையது. சில நிமிடங்களிலிருந்து 20 நிமிடங்கள் வரை நிலைத்திருந்து மறைகின்றது. இவற்றின் ஒளிமிக்க நடுப்பகுதியில் சூடான வளிமம் மேலெழுகின்றது. இருண்ட ஓரங்களில் குளிர்ந்த வளிமம் கீழிறங்குகின்றது. வலிமையான காந்தப்புலம் இவ்வோட்டத்தைத் தடுக்கும் இடங்களில் மேற்பரப்பு குளிர்ந்து சூரியப்புள்ளிகள் தோன்றுகின்றன.

1952 ஆம் ஆண்டில் பால் மெரில் சில செம்பெரு விண்மீன்களின் நிறமாலையில் தெக்னீசியம் என்னும் தனிமத்தைக் கண்டறிந்தார். இதற்கு நிலையான ஓரிடத்தான் எதுவும் இல்லை. விண்மீன் பிறந்தபோதே இருந்திருந்தால், அது நெடுங்காலத்துக்கு முன்பே சிதைந்து மறைந்திருக்கும். எனவே அது விண்மீனின் உள்ளேயே அண்மையில் உருவாகி, வெப்பச்சலனத்தால் மேற்பரப்புக்கு வந்திருக்க வேண்டும். விண்மீன்களில் தனிமங்கள் உருவாகின்றன என்பதற்கு இது வலுவான சான்றாக அமைந்தது.

சூரியனைத் தவிர்ந்த பிற விண்மீன்களிலும் இவ்வோட்டம் நேரடியாகக் காணப்பட்டுள்ளது. ஆர் டொராடசு என்னும் செம்பெரு விண்மீனின் மேற்பரப்பில், சூரியனைப்போல் ஏறத்தாழ 75 மடங்கு பெரிய வளிமக் குமிழ்கள் மேலெழுந்து அமிழ்வதைக் காட்டும் படங்கள் 2024 ஆம் ஆண்டில் வெளியாயின.

கணிப்பு முறைகள்

விண்மீன்களின் வெப்பச்சலனம் கொந்தளிப்பானது. ஆதலால் அதைத் துல்லியமாகக் கணிப்பது கடினம். வளிமத் திரள் குறிப்பிட்ட தொலைவு சென்றபின் சூழலுடன் கலந்துவிடுவதாகக் கொள்ளும் கலப்பு நீளக் கோட்பாடு பரவலாகப் பயன்படுகின்றது. விண்மீன்களுக்கான இதன் வடிவத்தை எரிக்கா போம்-விட்டென்சே 1958 ஆம் ஆண்டில் வெளியிட்டார். இத்தொலைவைக் கோட்பாட்டிலிருந்து பெற முடியாது. சூரியனின் ஆரம், ஒளிர்வு ஆகியவற்றுடன் பொருந்துமாறு அது தெரிவுசெய்யப்படுகின்றது. ஆகவே பிற விண்மீன்களின் வயதுக் கணிப்புகளும் ஓரளவு இத்தெரிவைச் சார்ந்துள்ளன. அண்மைக் காலங்களில் முப்பரிமாணக் கணினிப் போன்மங்களும் இதற்குப் பயன்படுத்தப்படுகின்றன.