உருப்போட்டதெல்லாம் எங்கே போகிறது?

மனம் வேலை செய்யும் விதம் – 6

நினைவு எந்த வேகத்தில் தேய்கிறது என்று முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தவர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர். சோதனைக்கு ஆள் தேடி அவர் அலையவில்லை, தன்னையே சோதித்துக்கொண்டார். இரண்டு மெய்யொலிகளுக்கு நடுவே ஓர் உயிரொலியை வைத்து, பொருளே இல்லாத சுமார் 2,300 அசைகளை உருவாக்கினார். பொருள் இருந்தால் மனம் அதைப் பிடித்துக்கொண்டு சுலபமாக ஏறிவிடுமே! ஆங்கிலக் கவிஞர் பைரனின் ‘டான் ஜுவான்’ பாடல்களை அவர் மனப்பாடம் செய்து பார்த்தபோது, அதே நீள அசைப் பட்டியலுக்கு ஆகும் உழைப்பில் பத்தில் ஒரு பங்குதான் ஆயிற்று.

பட்டியலைத் தப்பில்லாமல் ஒப்பிக்கும்வரை படிப்பார். கொஞ்ச காலம் விட்டு, அதையே மறுபடி படிப்பார். முதல் தடவை ஆன நேரத்தில் இப்போது எவ்வளவு மிச்சமாகிறது? அதுவே மனதில் தங்கியதன் அளவு. 20 நிமிடம் கழித்து 58 சதவீதம். ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34. அதன்பின் சரிவு மந்தமாகிவிடுகிறது. 31 நாள் கழித்தும் 21 சதவீதம் மிச்சம். பெரும்பாலானது முதல் ஒரு மணி நேரத்திலேயே போய்விடுகிறது. 1885-ல் இதை நூலாக வெளியிட்டார். ஒற்றை ஆளின் கணக்கை நம்பலாமா என்று கேட்கத் தோன்றும். 2015-ல் ஆம்ஸ்டர்டாமில் இதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். வளைகோடு ஏறக்குறைய அப்படியே வந்தது.

சரி, தேர்வுக்குப் படிப்பவர் என்ன செய்வது? பெரும்பாலோர் செய்வது, திரும்பத் திரும்ப வாசிப்பது. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு மாணவர்கள் ஒரு சிறிய பாடப்பகுதியை நான்கு சுற்று படித்தார்கள். ஒவ்வொருவரும் சராசரியாக 14 தடவை வாசித்திருந்தார்கள். இன்னொரு குழு ஒரே சுற்றுதான் படித்தது, மூன்று நான்கு தடவை. பிறகு மூன்று முறை, பாடத்தைப் பார்க்காமல், நினைவில் இருப்பதை எழுதினார்கள்.

ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: வாசித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. விடிய விடியப் படித்துவிட்டுக் காலையில் தேர்வு எழுதுகிறவர் பாஸாகிவிடுவதும், அடுத்த செமஸ்டரில் அதே பாடம் சுத்தமாக நினைவில்லாமல் போவதும் இதனால்தான் என்பது என் எண்ணம்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ஒரு வாரம் கழித்து உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள், 14 தடவை வாசித்தவர்களே! வாசிக்க வாசிக்கப் பக்கம் கண்ணுக்குப் பழகிவிடுகிறது. பாடமே வந்துவிட்டதாகத் தோன்றுகிறது. வெள்ளைத்தாளை எடுத்து எழுத உட்கார்ந்தவருக்கோ இரண்டாவது வரியிலேயே தடுக்குகிறது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று பயந்து, அவர் மறுபடி புத்தகத்தைத் திறக்கிறார்.

பாடத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து தேடி எடுக்கும்போது அது முதலில் இருந்தபடியே வருமா என்பது வேறு சிக்கல். கேம்பிரிட்ஜில் பார்ட்லெட் என்ற உளவியலாளர் ஒரு பேய்க்கதையை மாணவர்களிடம் கொடுத்து, நாள் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னார். கதை என்ன பாடுபட்டது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.