விழப்போகிற பல் காக்கும் இடம்

புதுப் பல் முளைக்கவைக்கும் மருந்து வந்துவிட்டது என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஜப்பானில் கட்சு தகாஹாஷி குழுவினர், பல் அரும்பின் வளர்ச்சியைத் தடுக்கும் யூசாக்-1 என்ற புரதத்தை முடக்கும் மருந்தை 2024-ல் மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கியது உண்மை. எலிக்குப் பல் முளைத்ததும் உண்மை. ஆனால் முதல் கட்டத்தில் சேர்ந்தவர்கள் முப்பது வயதைத் தாண்டிய ஆண்கள்; அங்கே முக்கியமாகப் பார்ப்பது மருந்து ஆபத்தில்லாததா என்பதைத்தான். அதற்குள் பழவேற்காடு ஏரிக்கரைச் சுண்ணாம்புக்குளத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டுவிட்டார்: "ஆறு வயது மகளுக்குக் கடைசிப் பால் பல்லில் சொத்தை. எப்படியும் விழப்போகிற பல். பிடுங்கிவிட்டால் என்ன?"

பிடுங்கினால் வலி நிற்கும். அந்தப் பல் பிடித்துவைத்திருக்கும் இடமும் கூடவே போய்விடும்.

பழவேற்காடு ஏரிக்கரைக்காரருக்குப் 'பாடு' பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இறாலுக்கு வலை கட்டும் இடங்களைக் குலுக்கல் போட்டு, முறைவைத்து அனுபவிக்கும் ஏற்பாடு அது. வாய்க்குள்ளும் அப்படித்தான். பால் கடைவாய்ப் பல் தன் முறைக்கு வலை கட்டி நிற்கிறது. அடுத்த முறைக்காரர் ஈறுக்கு அடியில் காத்திருக்கிறார். அவர் முறை வருவது பத்து, பன்னிரண்டு வயதில். இதற்கிடையே ஆறு வயதில் வரிசைக்குப் பின்னால் ஒருவர் படகை நிறுத்துகிறார். அவர்தான் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல். முன்னால் நகர்வது அவர் சுபாவம். ஒவ்வொரு கடியும் அவரைக் கொஞ்சம் முன்னே தள்ளுகிறது. பல்லுக்குப் பல் ஈறு வழியே ஓடும் நார்கள் இழுக்கவும் செய்கின்றன. முன்னிருப்பவர் வலையைக் கழற்றிக்கொண்டு போனால் இவர் புகுந்துவிடுவார், அதுவும் முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே பெரும்பகுதி. முறைக்காரர் வந்து பார்க்கும்போது வலை விரிக்க இடமிருக்காது. பாடு முறையில் தகராறு என்றால் ஊர்ப் பஞ்சாயத்து பேசித் தீர்க்கும். தாடையில் அதைத் தீர்க்கக் கம்பி கட்டும் மருத்துவரிடம்தான் போக வேண்டும். செலவு பல ஆயிரம்.

இதில் என்னைச் சொக்கவைப்பது ஒரு சின்னக் கணக்கு. கீழ்த்தாடையின் இரண்டாவது பால் கடைவாய்ப் பல் ஏறக்குறைய 10 மி.மீ. அகலம். அதை விழவைத்து முளைக்கும் நிரந்தரப் பல்லோ 7 மி.மீ. சொச்சம்தான். குழந்தையின் பல் பெரிது, பெரியவரின் பல் சிறிது! முன்பக்கத்தில் தலைகீழ்: கீழே புதிதாக வரும் நான்கு வெட்டுப் பற்களுக்குப் பழையவை விட்டுச்சென்றதைவிட சுமார் 6 மி.மீ. கூடுதல் இடம் வேண்டும். தாடை வளர்ந்து இடம் தந்துவிடும் என்று நினைப்போம். வளர்கிறதுதான், ஆனால் பெரும்பாலும் பின்பக்கமாக. ஒரு பக்கத்து முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லிலிருந்து மறுபக்கத்தது வரைக்குமான வளைவு, பால் பற்கள் விழுந்து முடிவதற்குள் கீழ்த்தாடையில் உண்மையில் குறைகிறது. ஆக, இருப்பதைக் கொண்டுதான் சமாளிக்க வேண்டும். பால் பற்களின் நடுவே இருந்த சந்துகள் கொஞ்சம் கொடுக்கும். முன்பற்கள் சற்று வெளியே சாய்ந்து முளைத்துக் கொஞ்சம் சேர்க்கும். கடைவாய்ப் பக்கத்து மிச்சத்தில் கோரைப் பல் தன் பங்கை எடுத்துக்கொண்டதுபோக, கீழே பக்கத்துக்குச் சராசரி 1.7 மி.மீ., மேலே 0.9 மி.மீ. கையில் நிற்கும். நான்கு வயதுப் பிள்ளையின் பற்களில் சந்து தெரிகிறதே என்று கலங்கும் பெற்றோரிடம் நான் சொல்வது: சந்து இருப்பது நல்லது.

இந்த மிச்சத்தை 1947-ல் அளந்து எழுதியவர் ஹேஸ் நான்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர். வரலாறு இவ்வளவு போதும்.

பல்லைப் பிடுங்காமலே சொத்தை இந்த இடத்தைத் தின்னும். இரண்டு பால் கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் அது அதிகம் ஒளிந்துகொள்கிறது. சென்னைக் குழந்தைப் பல் மருத்துவர் எம்.எஸ். முத்துவும் அவருடைய சகாக்களும் 2018-ல் அந்தத் தொடுகையின் வடிவத்தை ஓ, எக்ஸ், ஐ, எஸ் என்று நான்காகப் பிரித்தார்கள். ஓ என்றால் இடைவெளி. எக்ஸ் என்றால் ஒரு புள்ளியில் தொடுவது. ஐ, எஸ் இரண்டும் அகலமாக ஒட்டி நிற்பவை, பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐதான். பிரஷ் நார் அங்கே எட்டாது. காலையில் டீயில் நனைத்த பொறை எட்டும்.

சுண்ணாம்புக்குளத்துத் தாய்க்குக் கும்மிடிப்பூண்டி வரை பஸ், அங்கிருந்து சென்னைக்கு மின்சார ரயில் என்றால் ஒரு நாள் வருமானம் போச்சு. அதனால்தான் 38 சதவீத சில்வர் டையமைன் ஃபுளோரைடு எனக்கு ஜப்பானிய மருந்தைவிடப் பெரிய செய்தியாகப் படுகிறது. துளையிடும் கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். பள்ளி பெஞ்சில் உட்காரவைத்தே சொத்தையில் தடவிவிடலாம். வெள்ளி கிருமியைக் கொல்லும், ஃபுளோரைடு பல்லை இறுக்கும், பெரும்பாலும் சொத்தை அங்கேயே நிற்கும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். அதைப் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதையும் அற்புத மருந்தென்று விற்பவர்கள் உண்டு. போன அகலத்தை இது திருப்பித் தராது. அதற்குச் சிமெண்ட் அடைப்போ எஃகுத் தொப்பியோ வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று. நல்ல வெளிச்சத்தில் பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிப் பளபளப்பில்லாத வெள்ளைக் கோடு தெரிந்தால் சொத்தை ஆரம்பித்துவிட்டது. ஃபுளோரைடு பற்பசையால் அந்தக் கட்டத்திலேயே அதைத் திருப்ப முடியும். பிறகு விரலால் கன்னத்தை விலக்கி, நடுவிலிருந்து எண்ணுங்கள். ஆறாவதாக ஒரு பல் இருந்தால் அது பால் பல் இல்லை. எதுவும் விழாமல், சத்தமில்லாமல் முளைத்தது. அதற்கு மாற்றுப் பல் வராது.

வாசகருக்குப் பதில்: காப்பாற்ற முடிந்தால் காப்பாற்றுங்கள். சீழ் கட்டி எடுத்தே ஆக வேண்டும் என்றால், எடுக்கும் அன்றே இடம் காக்கும் கம்பி கேளுங்கள். பின்பல்லைச் சுற்றி ஒரு எஃகு வளையம், அதிலிருந்து முன்னாலுள்ள பல் வரை நீளும் ஒரு வளைந்த கம்பி, அவ்வளவுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்க வேண்டும். அடியில் இருக்கும் பல் ஈறைக் கிழித்துத் தலைகாட்டியதும் கழற்றிவிடுவார்கள்.