பேசாத மடிக்கணினி

எங்கள் சூலூர்ப் பகுதி அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கும் மாணவன் ஒருவன், ஒரு திங்கட்கிழமை காலையில் அம்மாவுடன் வந்து நின்றான். கையில் பழைய மடிக்கணினி. அவன் அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது.

"வைஃபையும் வரலீங்க சார், சத்தமும் வரலீங்க. விண்டோஸ் புதுசா போட்டுக் குடுத்த கடையிலயே மதர்போர்டு போயிருச்சுன்னு சொல்லிட்டாங்க. வேற வாங்கறதுக்கு எங்களால முடியாதுங்க" என்றார் அந்த அம்மா. மில் வேலைக்கு ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்திருந்தார். பாடநூலின் கியூஆர் குறியீட்டுக் காணொளிகளைப் பார்க்க அவன் வீட்டில் இருந்தது அந்த ஒரு கருவிதான்.

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் நிறுவனம் வழியாக வாங்கி வழங்கப்பட்ட கணினிகள் நம் மாணவர் வீடுகளில் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. அவற்றுள் சில, பழுதாகாமலேயே பழுதென்று ஒதுக்கப்பட்டுப் பரணில் கிடக்கின்றன. அதனால்தான் அன்று நான் செய்ததைப் படிப்படியாக எழுதுகிறேன். இதற்குக் கணினி அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை.

டிரைவர் என்பது ஒரு சிறு மென்பொருள். ஒலி, வைஃபை, கேமரா போன்ற ஒவ்வொரு பாகத்துக்கும் விண்டோஸுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்பது அது. விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது பழைய டிரைவர்கள் அழிந்துவிடும். பொதுவானவற்றை விண்டோஸே தரும். சிலவற்றை நாம்தான் தேடிப் போட வேண்டும். போடாவிட்டால் நல்ல பாகமும் வேலை செய்யாது.

முதலில் எளியவை. ஒலி மியூட்டில் இருக்கிறதா, விசைப்பலகையின் மேல் வரிசை விசையால் வைஃபை அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சில பழைய மாதிரிகளில் வைஃபைக்குப் பக்கவாட்டில் தனிச் சுவிட்ச்கூட உண்டு.

அடுத்து டிவைஸ் மேனேஜர். விண்டோஸ் 10இல் ஸ்டார்ட் பொத்தானை வலது சொடுக்கினால் பட்டியலில் வரும். விண்டோஸ் 7இல் கம்ப்யூட்டர் என்பதை வலது சொடுக்கி, மேனேஜ் வழியாகப் போகலாம். அந்த மாணவனின் கணினியில் நெட்வொர்க் கண்ட்ரோலர், மல்டிமீடியா ஆடியோ கண்ட்ரோலர் என்ற இரண்டு வரிகளில் மஞ்சள் ஆச்சரியக்குறி இருந்தது. இதைக் கண்டதும் எனக்குப் பாதி நிம்மதி. பட்டியலில் பெயர் வருகிறது என்றால் அந்தப் பாகத்தைக் கணினி உணர்கிறது என்று பொருள். அடியோடு செத்த பாகம் பெரும்பாலும் பட்டியலிலேயே வராது.

அந்த வரியை இருமுறை சொடுக்கினால் ஓர் எண் தெரியும். 28 என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை. 10 என்றால் பாகத்தைத் தொடங்க முடியவில்லை. தவறான டிரைவராக இருக்கலாம், பாகமே பழுதாகவும் இருக்கலாம். இங்கே இரண்டிலும் 28தான்.

இணையம் இல்லாமல் எப்படி இறக்குவது? கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அதில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் கணினிக்கு இணையம் கிடைத்துவிடும். பிறகு செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டுக்குள் போய், ஆப்ஷனல் அப்டேட்ஸில் டிரைவர் பகுதியைப் பார்த்தேன். ஒலிக்கான டிரைவர் அங்கேயே இருந்தது. நிறுவி, கணினியை அணைத்துப் போட்டதும் சத்தம் வந்தது.

வைஃபைக்கு அது போதவில்லை. கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் தேடினேன். அந்த மாதிரிக்கு இரண்டு வகை வைஃபை அட்டைகளின் டிரைவர்கள் இருந்தன. எது நமது?

அதற்கும் வழி உண்டு. மஞ்சள் குறியுள்ள வரியின் பிராப்பர்ட்டீஸில் டீடெய்ல்ஸ் பகுதிக்குப் போய் ஹார்டுவேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வி, இ, என் என்ற எழுத்துகளை அடுத்து வரும் நான்கு குறிகள் தயாரிப்பாளரையும், டி, இ, வி என்பதை அடுத்த நான்கு குறிகள் பாகத்தையும் சொல்லும். 8086 என்றால் இன்டெல். 1978இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற சிப்பின் எண்ணும் அதுவே. 10இசி என்றால் ரியல்டெக். எங்களுக்கு வந்தது 10இசி. ரியல்டெக் டிரைவரை நிறுவினோம், வைஃபை வந்தது.

கவனிக்க வேண்டியவை

1. 32 பிட்டா, 64 பிட்டா, விண்டோஸ் 7ஆ, 10ஆ என்று பார்த்து அதற்குரிய டிரைவரையே இறக்குங்கள்.

2. எல்லா டிரைவரையும் தானே தேடித் தருவதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நிறுவாதீர்கள். வேண்டாத நிரல்களும் கூடவே வந்துவிடலாம்.

3. புது டிரைவரால் கோளாறு வந்தால், அதே பிராப்பர்ட்டீஸில் ரோல் பேக் டிரைவர் மூலம் பழையதற்குத் திரும்பலாம்.

4. இறக்கிய டிரைவர்களை மாதிரி எண்ணுடன் பென் டிரைவில் சேமித்து வையுங்கள். ஒரே ஆண்டில் வழங்கப்பட்ட கணினிகளில் பல ஒரே மாதிரியாக இருப்பதால், அடுத்த மாணவருக்கும் உதவும்.

எல்லாம் செய்தும் பயனில்லை என்றால், லினக்ஸ் உள்ள பென் டிரைவிலிருந்து கணினியை இயக்கிப் பாருங்கள். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் உள்ளேயே இருக்கும். அங்கே ஒலி வந்தால் பாகம் நன்றாக இருக்கிறது. கோளாறு விண்டோஸ் பக்கம்தான். அங்கும் வராவிட்டால் மட்டும் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோகலாம்.

இன்னொன்றையும் பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும். விண்டோஸ் 7க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபரிலும் நிறுத்திவிட்டது. ஆகவே பழைய கணினியைப் படிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். வங்கிப் பணப் பரிமாற்றத்துக்கு வேண்டாம். அரசு வழங்கிய கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் சேர்ந்தே வந்த, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்றவற்றுக்கு மாறுவதும் நல்ல வழி.

வேலை முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. செலவு, என் கைப்பேசியின் டேட்டா மட்டும். "அப்ப மதர்போர்டு போகலீங்களா சார்?" என்று அந்த அம்மா இரண்டு முறை கேட்டார். மாணவன் ஏற்கெனவே அறிவியல் பாடக் காணொளி ஒன்றைத் திறந்து சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்தான். மறுவாரம் தன் நண்பனின் கணினியைக் கொண்டுவந்து, மஞ்சள் குறியைத் தானே கண்டுபிடித்து என்னிடம் காட்டினான்.