நம்ம ஊர்க் கழிவு எந்தக் கடலுக்குப் போகுது?

திருநின்றவூரில் நின்றால் கடல் தெரியாது. ஆனால் திருவள்ளூர் மாவட்டம் வழியாக ஓடும் ஆறுகள் கடலில்தான் போய்ச் சேருது: ஆரணியாறு பழவேற்காட்டில், கொசஸ்தலையாறு எண்ணூரில், கூவம் சென்னை நேப்பியர் பாலம் அருகே.

முகத்துவாரம் ஏன் முக்கியம்?

ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இங்கேதான் இறால், நண்டு, மடவைக் குஞ்சுகள் வளருது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூரில் பரவியது. அலையாத்தி மரங்களிலும் கூழைக்கடாக்களின் இறகிலும் எண்ணெய் படிந்தது. படகும் வலையும் பாழாகி மீனவர்கள் தொழிலை இழந்தனர்.

எண்ணெய்க் கசிவு எப்போதோ நடப்பது. சாக்கடையும் ஆலைக்கழிவும் தினமும் வருது. கழிவு மட்கும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறையும். மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும்.

நீங்க என்ன செய்யலாம்?

• ஏரியிலோ வாய்க்காலிலோ லாரி கழிவுநீரைக் கொட்டினால், பாதுகாப்பான தூரத்திலிருந்து மொபைலில் படம் எடுங்க. இடம், நேரம், வண்டி எண்ணைக் குறிச்சுக்கோங்க.

• முதல்வரின் முகவரி உதவி எண் 1100-ல் புகார் சொல்லுங்க. புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கோங்க.

• ஆலைக்கழிவு என்றால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கும் தெரிவியுங்க.

வாய்க்காலிலேயே தடுத்தால், எண்ணூரில் வலை வீசுபவருக்கு மீன் கிடைக்கும்.