ஒத்தடமும் உணர்விழந்த காலும்

திருச்சிராப்பள்ளிக்கு வருகிறவர்களின் கால்களுக்கு ஓய்வு என்பது கிடையாது. மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையாரைத் தரிசிக்க வேண்டுமானால் 400-க்கு மேற்பட்ட படிகள் ஏறியாக வேண்டும். காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் சென்றாலோ, அங்கே ஏழு பிராகாரங்கள் காத்திருக்கின்றன. பகலெல்லாம் பகவானுக்காக உழைத்த கால், இரவில் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளத் தொடங்குகிறது. நடுநிசியில் கெண்டைக்கால் சதை கல்லைப்போல் இறுகிப் பிடித்துக்கொள்கிறது.

வீட்டிலுள்ள பெரியவர்கள் உடனே அடுப்பை மூட்டுவார்கள். கல் உப்பையோ தவிட்டையோ வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பார்கள். சிலர் நொச்சி இலையை வதக்கிக் கட்டுவார்கள். வெந்நீர் நிரப்பிய ரப்பர் பையை வைப்பாரும் உண்டு. இவற்றை மூடப் பழக்கங்கள் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. உஷ்ணம் பட்டால் இரத்த ஓட்டம் பெருகும், இறுகிய தசை தளரும், வலியும் மட்டுப்படும்.

ஆனால் நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த நல்ல சிகிச்சையே சத்துருவாகிவிடக்கூடும். நமது தேசத்தில் 10 கோடிக்கு மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்வதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆகவே இது யாரோ சிலருடைய கவலை அன்று.

இரத்தத்தில் சர்க்கரை பல வருஷங்கள் மிகுந்திருந்தால், பாதங்களுக்குச் செல்லும் நீண்ட நரம்புகளே பெரும்பாலும் முதலில் கெடுகின்றன. விந்தை என்னவென்றால், கெட்ட நரம்பு இரவில் எரிச்சலையும் வலியையும் உண்டாக்கும். அதே சமயத்தில் சூட்டை அறியும் சக்தியை இழந்துவிடும். வலி தெரியும், சுடுவது தெரியாது! சித்திரை வெயிலில் கோயிற் கல்தளத்தில் நடந்துவிட்டு, வீடு திரும்பிய பிறகே உள்ளங்காலில் கொப்புளத்தைக் காணும் நீரிழிவுக்காரர்கள் உண்டு. கல்லின் சூட்டையே அறியாத கால், ஒத்தடத்தின் சூட்டையா அறியப்போகிறது?

எவ்வளவு சூடு அபாயம்? அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்னும் இருவர் 1947-ல் இதைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். 60 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணம் சுமார் 5 வினாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். வெறும் 44 டிகிரியும்கூட 6 மணி நேரம் இடைவிடாமல் பட்டால் புண்ணாக்கிவிடும். வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு உறங்கலாகாது என்பது ஏன் என்று இப்போது விளங்குமல்லவா? வறுத்த உப்போ, கொதிநீரைவிட அதிகமாகவே சூடேறக்கூடியது. நீரிழிவுக்காரரின் காலில் உண்டான புண் எளிதில் ஆறாமல், விரலையோ காலையோ எடுக்கும்படி நேரிடுவதும் உண்டு.

அப்படியானால் செய்யத் தக்கது என்ன? சதை பிடித்தவுடன் முழங்காலை நீட்டி, பாதத்தின் முன்பகுதியை முகத்தை நோக்கி மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். பெரும்பாலான பிடிப்புகள் சில நிமிஷங்களில் விட்டுவிடும். கால் மரத்துப்போனவர்களுக்கு இதுவே போதும், சூடு வேண்டாம். உணர்வு குறையாதவர்களுக்கு ஒத்தடம் கொடுக்கலாம். ஆனால் அதன் சூட்டை வீட்டிலுள்ள வேறொருவர் தம் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்தாக வேண்டும். இதமாக இருந்தால் மட்டுமே கொடுக்கலாம். 15 நிமிஷங்களுக்குமேல் வேண்டாம். நடுவில் தோலைப் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலித்தால், ஒத்தடமும் கூடாது, பிடித்துவிடுவதும் கூடாது, இரத்தம் உறைந்திருக்கலாம். நடக்கும்போது கெண்டைக்கால் வலித்து, நின்றால் விட்டுப்போகுமானால், இரத்தக் குழாய் குறுகியிருக்கலாம். இவ்விரண்டும் வைத்தியரைத் தேடிச் செல்ல வேண்டிய சமாசாரங்கள். முன்னதற்குத் தாமதமே கூடாது.

காலில் உணர்வு இருக்கிறதா என்பதை வைத்தியர் ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டே கண்டுபிடித்துவிடுவார். வருஷத்துக்கு ஒரு முறையேனும் அந்தப் பரீட்சையைச் செய்துகொள்ளுங்கள். வீட்டில் யாருக்கு ஒத்தடம் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கலாகாது என்பதை, அடுப்பை மூட்டுவதற்கு முன்பே அறிந்து வைத்திருப்பது நலம்.