திரை நகர்ந்தால் போதாது, நீங்களும் நகர வேண்டும்

கழுத்து வலி என்று வருகிறவர்கள் முன்பெல்லாம் நாற்காலியைக் குறை சொல்வார்கள். இப்போது திரையைச் சொல்கிறார்கள். தரமணியிலிருந்து சிறுசேரி வரைக்கும் உள்ள மென்பொருள் அலுவலகங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள், வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்யும் பெண்கள், ஆன்லைனில் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் எனப் பலரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "டாக்டர், நாம எப்படி உட்கார்ந்தாலும் அதுவே அட்ஜஸ்ட் பண்ணிக்கிற மானிட்டர் வந்திருக்காமே, அதை வாங்கிட்டா இந்த வலி போயிடுமா?"

அண்மையில் இப்படிக் கேட்ட இளைஞர் ஒருவருக்கு வலது கையின் கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் பல வாரங்களாக மரத்துக் கிடந்தன. செல்போனை வலக்கையில் பிடித்தால் நழுவுகிறது என்று இடக்கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். அதுவரை எந்த மருத்துவரிடமும் காட்டவில்லை. மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையிலேயே நாளைத் தள்ளியிருக்கிறார். விரல் மரத்துப்போன மனிதர் விசாரிக்க வேண்டியது மானிட்டரின் விலையை அல்ல. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தத் தாமதம்தான்.

தானாகத் திரும்பும் திரை என்ன செய்யும்?

இது கற்பனைக் கருவி அல்ல. அமேசான் நிறுவனம் 2020-ல் அறிவித்த எக்கோ ஷோ 10 என்ற வீட்டுத் திரைக் கருவி, ஆள் அறைக்குள் நடக்கும் திசைக்குத் தன் திரையைத் திருப்பும். 2024-ல் பெர்லினில் நடந்த ஐ.எஃப்.ஏ. கண்காட்சியில் லெனோவோ, பயனரைப் பின்தொடர்ந்து மூடி திரும்பும் லேப்டாப் மாதிரி ஒன்றைக் காட்டியது. மேசைத் திரையின் உயரத்தையும் சாய்வையும் மோட்டாரால் மாற்றும் தாங்கிகளும் இருக்கின்றன. பெரும்பாலும் வேலை செய்யும் முறை ஒன்றுதான்: கேமராவோ உணரியோ முகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும், மோட்டார் திரையை அங்கே கொண்டுபோகும்.

இதனால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே கணினியில் ஷிப்டு மாறி மாறி மூன்று பேர் உட்காரும் இடத்தில், ஐந்தடி ஆளுக்கு வைத்த திரையை ஆறடி ஆள் மாற்றாமல் குனிந்தே வேலை பார்ப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். அங்கே இது உதவும். கையால் திரையைத் தூக்கி இறக்க முடியாதவர்களுக்கும், சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் பெரிய துணை. என் வருத்தம் கருவியின் மேல் இல்லை, அதை மருந்தாக நினைப்பதன் மேல்தான்.

நம்பிக்கைகளும் உண்மையும்

முதல் நம்பிக்கை, திரை சரியான உயரத்துக்கு வந்துவிட்டால் கழுத்து தப்பித்துவிடும் என்பது. கோணம் பாதிக் கதைதான். மீதிப் பாதி அசையாமல் இருப்பது. நேராகவே உட்கார்ந்திருந்தாலும், மூன்று மணி நேரம் ஒரே நிலையில் இருந்தால் கழுத்தின் பின்புறத்திலும் தோள்மேட்டிலும் உள்ள தசைகள் ஓய்வே இல்லாமல் இறுகிக் கிடக்கின்றன. ஐந்து கிலோ அரிசிப் பையை ஒருமுறை தூக்கி வைப்பதில் யாருக்கும் சிரமம் இல்லை. அதையே மாலை வரை கையில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள் என்றால்தான் தெரியும். தலையின் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இங்கேதான் தானியங்கித் திரையிடம் நான் அஞ்சும் விஷயம் இருக்கிறது. சாதாரணத் திரை என்றால், நாற்காலியில் சரிந்தவுடன் எழுத்து சரியாகத் தெரியாது. அந்தத் தொந்தரவுக்காகவாவது நிமிர்வோம். முகத்தைத் துரத்தும் திரை அந்தத் தொந்தரவையும் எடுத்துவிடுகிறது. நீங்கள் சரிந்தால் அதுவும் இறங்கும், ஒருக்களித்தால் அதுவும் திரும்பும். தவறான இருப்பை வசதியாக்கிக் கொடுத்துவிடும். காலையில் நேராக உட்கார்ந்தவர் மாலையில் இடுப்பு முன்னே நழுவி, தாடை நெஞ்சைத் தொட உட்கார்ந்திருப்பார். அப்போதும் திரை முகத்துக்கு நேராகத்தான் நிற்கும்.

இதற்கு நேர் எதிரான யோசனை ஒன்றும் உண்டு, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. தென்கொரியாவின் கெய்ஸ்ட் (KAIST) பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், திரையை மிக மெதுவாக நகர்த்தினார்கள். நகர்வது கவனத்தைக் கலைக்காத அளவுக்கு மெதுவாக. திரையின் நகர்வை ஈடுகட்ட, உட்கார்ந்திருந்தவர்கள் தங்களை அறியாமலே உடலை மாற்றிக்கொண்டார்கள். ஆளுக்கு ஏற்பத் திரை வளையவில்லை. ஆளை அசைய வைத்தது.

இரண்டாவது, எல்லோருக்கும் கண் மட்டமே சரி என்பது. நாற்பதைத் தாண்டியவர்களில் பலர் பைஃபோகல் அல்லது புரோகிரஸிவ் கண்ணாடி போடுகிறார்கள். கிட்டப் பார்க்கும் பகுதி கண்ணாடியின் கீழ்ப்பாதியில் இருக்கிறது. திரை கண் உயரத்துக்கு வந்தால், அந்தக் கீழ்ப்பாதி வழியாகப் படிக்கத் தாடையைத் தூக்கியாக வேண்டும். நாள் முழுக்கத் தாடையைத் தூக்கி வைத்தால் கழுத்தின் பின்பக்கம் நசுங்கும். முகத்தை மட்டும் அளக்கும் கருவிக்கு நீங்கள் கண்ணாடியின் எந்தப் பகுதி வழியாகப் பார்க்கிறீர்கள் என்பது தெரியாது. இவர்களுக்குத் திரை நன்றாகத் தாழ்ந்தே இருக்க வேண்டும். கண் உலர்கிறவர்களுக்கும் அப்படித்தான்: மேலே பார்க்கும்போது இமை அகலத் திறக்கிறது, கண்ணீர் வேகமாக உலர்கிறது. திரையைப் பார்க்கையில் நாம் இமைப்பதே குறைவு.

மூன்றாவது, 27 கிலோ பயம். தலை 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் 27 கிலோ இறங்கும் என்ற படம் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றுகிறது. அமெரிக்க அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் கணினி மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு அது. உயிருள்ள மனிதரின் கழுத்தில் அளந்தது அல்ல. குனிந்தால் சுமை கூடும் என்பது உண்மை. அதற்காகச் செல்போனைப் பார்த்தாலே எலும்பு தேய்ந்துவிடும் என்று நடுங்க வேண்டாம். குனியவே பயந்து, இரும்புக் கம்பி விழுங்கியதுபோல விறைத்து நடக்கிறவர்களும் வலியோடுதான் வருகிறார்கள்.

நான்காவது, "டிஸ்க் வீங்கியிருக்கு" என்ற சொல். ஸ்கேன் அறிக்கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இனி வாழ்க்கையே போயிற்று என்று அழுதபடி வருகிறார்கள். ஜப்பானில் கழுத்து வலியே இல்லாத 1211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைப்பு இருந்தது. அறிக்கையில் ஒரு வரி இருப்பதால் அதுதான் உங்கள் வலிக்குக் காரணம் என்று ஆகிவிடாது. யாருக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பதைப் பரிசோதித்த மருத்துவர் முடிவு செய்யட்டும்.

சொடக்கு, உலக்கை, காலர்

கழுத்துப் பிடித்துக்கொண்டால் தலையணையை வெயிலில் போடச் சொல்வார்கள். போடுங்கள், யாருக்கும் கெடுதல் இல்லை. வெந்நீர் ஒத்தடமும் நல்லதுதான், தோல் மரத்திருக்கும் இடத்தில் மட்டும் சூடு வைக்காதீர்கள், சுட்டாலும் தெரியாது. ஆனால் உலக்கையைக் கழுத்தில் உருட்டுவதும், கால் முன்னால் வரப் பிறந்தவரைக் கூப்பிட்டு உதைக்கச் சொல்வதும் வேண்டாம். நரம்பு அழுந்தியிருக்கும் கழுத்தில் அழுத்தம் கொடுத்தால் என்ன ஆகும் என்று வீட்டில் யாரும் பொறுப்பேற்க முடியாது.

எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் தருவது முடிதிருத்தும் கடைச் சொடக்கு. முடி வெட்டி முடித்ததும் தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெடுக்கென்று திருப்புகிறார்கள். மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக் குழாய்கள் கழுத்து எலும்புகளின் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. வேகமான திருப்பலில் அவற்றின் உட்சுவர் கிழியலாம், அங்கே ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். 2017-ல் டெல்லியில், இப்படிச் சொடக்கு எடுத்துக்கொண்ட ஒருவருக்கு உதரவிதானத்தை இயக்கும் நரம்பு பாதிக்கப்பட்டு மூச்சு விடவே முடியாமல் போனது செய்திகளில் வந்தது. அந்த 'படக்' சத்தம் தரும் சுகம் சில நிமிடம்தான் நிற்கும். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்தது காலர். தானாகவே வாங்கி மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கழற்றாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். வேலை இல்லாத தசை இளைக்கும். காலரைக் கழற்றும் நாளில் தலையைத் தாங்கக் கழுத்தில் வலு இருக்காது. முதுகை இழுத்துப் பிடிக்கும் பட்டைகளும் இதே கதைதான்.

மாத்திரையைக் கேட்டு வாங்காதீர்கள்

"ரெண்டு வேளைக்குக் குடுங்கண்ணே, கழுத்து வலிக்கு" என்று கடையில் நின்று கேட்பதை நீங்கள் மருத்துவம் என்று நினைக்கிறீர்கள். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை வெறும் வயிற்றில் வாரக்கணக்கில் போட்டால் இரைப்பையில் புண் வரலாம், ரத்தம் கசியலாம். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் கெடலாம், பிரஷர் ஏறலாம். ஸ்டீராய்டு கலந்து கொடுத்தால் வலி மாயமாக மறையும், சர்க்கரை எகிறும். அதை யாரும் உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. வீட்டில் அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை மகளும், மகளுடையதை மருமகனும் போடுவது எந்தக் கணக்கில் சேர்த்தி? உங்கள் சிறுநீரகத்தைப் பற்றி எதுவும் தெரியாதவர் கொடுக்கும் மாத்திரையை எப்படித்தான் விழுங்குகிறீர்கள்?

இன்னொன்று. இடது தோளும் கையும் வலித்தால், நெஞ்சு அழுத்தினால், வியர்த்தால், படி ஏறும்போது வலி கூடினால், அது கழுத்து அல்ல, இதயமாக இருக்கலாம். கம்ப்யூட்டர் வேலை, அதனால்தான் வலி என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடுகிறார்கள். மாரடைப்பு என்றால், அப்படி இழந்த ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்காது.

எப்போது அன்றைக்கே வர வேண்டும்?

வலி கையில் இறங்கி விரல் மரத்தால், பிடி தளர்ந்து பொருள் நழுவினால், சட்டைப் பொத்தான் போடவும் கையெழுத்துப் போடவும் விரல் தடுமாறினால், நடையில் தள்ளாட்டம் தெரிந்தால், சிறுநீர் கட்டுப்பாடு மாறினால் தாமதிக்க வேண்டாம். விழுந்த பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, காரணமின்றி எடை குறைந்து இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி இவற்றுக்கும் அப்படியே. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் ஆகியவை தேவைக்கு ஏற்பச் செய்யப்படும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும் (பைஃபோகல், புரோகிரஸிவ் கண்ணாடி போடுகிறவர்களுக்கு இன்னும் தாழ்வாக). கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடும் தூரம் போதும். இரண்டு திரை வைத்திருந்தால் அதிகம் பார்ப்பதை நேர் எதிரே வையுங்கள். லேப்டாப்பை நாலு தடித்த புத்தகத்தின் மேல் தூக்கி வைத்து, தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் வாங்கிக்கொண்டால் மோட்டார் தாங்கியின் பாதிப் பயன் கிடைத்துவிடும். தானியங்கித் திரையே வாங்கிவிட்டீர்கள் என்றால், நேராக உட்கார்ந்து ஒருமுறை சரியான உயரத்தில் வைத்து, பின்தொடர்வதை நிறுத்திவிடுங்கள்.

இதையெல்லாம் செய்துவிட்டு எழுந்திருக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். பெரிய தண்ணீர் பாட்டிலுக்குப் பதில் சிறிய டம்ளர் வையுங்கள், நிரப்பவாவது எழுந்து போவீர்கள். போன் வந்தால் நின்று பேசுங்கள். உடற்பயிற்சிக்கு நேரம் இல்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். டென்மார்க்கில் கழுத்து, தோள் வலி இருந்த அலுவலக ஊழியர்களுக்கு ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். வாரம் ஐந்து நாள், பத்து வாரம். 2011-ல் வெளியான அந்த ஆய்வில், நாளுக்கு 12 நிமிடம் செய்தவர்களுக்கு மட்டுமல்ல, வெறும் 2 நிமிடம் செய்தவர்களுக்கும் வலி குறைந்தது. இரண்டு நிமிடம் உங்களால் கொடுக்க முடியாதா? எப்படி இழுப்பது என்பதை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஐரோப்பிய நாடுகள் 1990-லேயே கணினித் திரை வேலைக்கு ஒரு நெறிமுறை வகுத்தன. திரை எளிதாகத் திரும்ப வேண்டும், சாய வேண்டும் என்று சொன்ன அதே நெறிமுறை, வேலைக்கு நடுவே இடைவேளையோ வேலை மாற்றமோ கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. விலை உயர்ந்த மானிட்டரை வாங்கிக் கொடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் இருக்கையில் ஆள் இல்லை என்றதும் கணினியில் சிவப்பு விளக்கு எரிய வைக்காதீர்கள். எழுந்து போகிறவரை எழுந்து போக விடுங்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களே, கட்டிலில் சாய்ந்து மடியில் லேப்டாப் வைப்பதை இன்று இரவே நிறுத்துங்கள். பெற்றோர்களே, பிள்ளை "கை மரத்துப்போகுது" என்று சொன்னால், போனைப் பார்த்தால் அப்படித்தான் ஆகும் என்று திட்டிவிட்டு விட்டுவிடாதீர்கள். கூட்டிக்கொண்டு வாருங்கள்.